மனப்பாங்கும் கடமையும்: திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

திருகோணமலையிற் பொலிஸ் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இருவகைக் கூற்றுகள் செவியில் விழுவதுண்டு. 'புதிதாக வந்திருக்கிற பொறுப்பதிகாரி நல்ல மனிசன், தமிழர் சிங்களவர் எண்டு பாக்கமாட்டார்' என்பது ஒன்று. 'அவன் சரியான துவேசி, அவன் இருக்குமட்டும் எங்களுக்கு நியாயம் கிடையாது' என்பது மற்றது. மூதூரிலும் கிண்ணியாவிலும் முஸ்லிம் மக்களிடையே இதே கூற்றுகளைச் சிறு மாற்றங்களுடன் கேட்கலாம். ஒன்று நம்பிக்கையையும் மற்றது அவநம்பிக்கையையும் வெளிப்படுத்துவதால் இவை தம்முள் முரண்பட்டவை போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே எடுகோளின் மீதே நிற்கின்றன. பொலிஸ் உத்தியோகத்தன் கடமையில் எவ்வாறு நடந்துகொள்வான் என்பதை அவன் நெஞ்சில் உறையும் இனவுணர்வே தீர்மானிக்கின்றது என்பதே அவ்வெடுகோள். அது எத்துணை தூரம் பொருத்தமானது என்பதை ஆராய்வதே எமது நோக்கம்.

இவ்வினா ஏனைய நாடுகளின் சமூகவியலில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாப்பியர் என்னும் அமெரிக்கர், சீனத் தம்பதியர் இருவருடன் தமது நாடெங்கும் பயணஞ் செய்தார். சீனர் மீதான வெறுப்பு மலிந்திருந்த காலம் அது. ஆயினும் அவர்கள் சென்ற 250க்கு மேற்பட்ட விடுதிகளிலும் உணவகங்களிலும் ஓரிடத்தில் மாத்திரமே ஏற்க மறுக்கப்பட்டனர். பின்னர் அதே இடங்களுக்குக் கடிதமெழுதி, சீனரை ஏற்பீர்களா என்று அவர் வினவியபோது, விடையளித்தோருள் 90 வீதத்துக்கு மேற்பட்டோர் மாட்டோம் என்றனர். 1934இல் வெளிவந்த அக்கட்டுரை, மனிதர் கூறும் மனப்பாங்கும் அவர்தம் செயலும் வேறுவேறு பாதைகளிற் செல்லக்கூடும் என்பதை முதன்முதலில் அழுத்தமாக எடுத்துக்காட்டியது.

பொலிஸ் தொடர்பாக இதனை நேரடியாக ஆராய்ந்தோர் அல்பேட் ரைஸ், டொனல்ட் பிளாக் ஆகியோர். 1966இல் பொஸ்ரன், சிக்காகோ, வாஷிங்டன் ஆகிய நகரங்களில் அவதானிப்பாளர்கள் ரோந்துப் பொலிஸாருடன் கூடவே சென்று நிகழ்ந்தவற்றைக் குறித்தனர். கறுப்பின மக்கள் செறிந்த பகுதிகளிற் கடமையாற்றிய வெள்ளையினப் பொலிஸாருள் முக்காற்பங்குக்கு மேற்பட்டோர் அம்மக்களை வெறுத்துப் பேசினர். எனினும் கண்முன்னே நடந்த கடமையில் அவ்வெறுப்புக்கு நேரொத்த நடத்தை காணப்படவில்லை. கைது செய்வதைப் பெரிதும் தீர்மானித்தவை குற்றத்தின் கடுமை, முறைப்பாட்டாளரின் விருப்பம், சந்தேக நபர் காட்டும் பணிவு ஆகியனவே எனப் பின்னர் பிளாக் எழுதினார். 1983இல் வெளியான லண்டன் பொலிஸ் பற்றிய பெரும் ஆய்வொன்றும் ஏறக்குறைய இதே முடிபினையே எய்தியது. நிலையத்துக்குள் இனவாதப் பேச்சு தாராளம். வீதியில் அது அவ்வளவாகத் தென்படவில்லை.

இம்முடிபுகளைக் கண்டு நிறைவடைவோர் உளர். பேச்சு வேறு, செயல் வேறு. ஆகவே பேச்சைப் பொருட்படுத்த வேண்டா என்பது அவர்தம் வாதம். நாம் அதனை ஏற்றுக்கொள்வதற்கில்லை. பக்கத்தில் அவதானிப்பாளன் குறிப்பேட்டுடன் அமர்ந்திருக்கையில் எந்தப் பொலிஸ்காரனும் சற்றே கவனமாகத்தான் நடப்பான். இது சிறிய ஆட்சேபம். பெரிய ஆட்சேபம் வேறு. இவ்வாய்வுகள் ஒரு பொலிஸ்காரனும் ஒரு குடிமகனும் நேருக்கு நேர் சந்திக்கும் கணத்தையே அளந்தன. அக்கணத்துக்கு முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டவை பல. ரோந்து எந்தத் தெருவுக்கு அனுப்பப்படுகின்றது, சோதனைச் சாவடி எந்தச் சந்தியில் நிறுவப்படுகின்றது, எவருடைய முறைப்பாடு முறைப்பாடாகக் கொள்ளப்படுகின்றது என்பவையெல்லாம் சந்திப்பின்போது உருவாவனவல்ல. 'பணிவு' என்பதும் இன நிறமற்ற பண்பன்று. பல தலைமுறையாக அவமதிக்கப்பட்டவன் நிமிர்ந்து பார்ப்பதே பணிவின்மையாகக் கணிக்கப்படும்.

1978இல் ஸ்ருவட் ஹோலும் அவர்தம் சகாக்களும் எழுதிய 'பொலிஸிங் த கிறைசிஸ்' என்னும் நூல் இவ்விடத்தில் ஒரு திருப்பமாகும். வழிப்பறி பற்றிய பீதியினூடாக, பொருளாதார நெருக்கடிக்குட்பட்ட அரசு தன் அதிகாரத்துக்கு எவ்வாறு இணக்கம் தேடிக்கொண்டது என்பதை அந்நூல் விளக்கியது. தனிமனிதப் பொலிஸின் குணநலன் அங்கு இரண்டாம் நிலைக்குரியதாகிவிட்டது. 1993இல் கொலையுண்ட ஸ்ரீபன் லோறன்ஸ் என்னும் கறுப்பின இளைஞனின் வழக்கு விசாரணை சீர்குலைந்தமை பற்றி 1999இல் வெளியான மக்பர்சன் அறிக்கை, 'நிறுவனமயப்பட்ட இனவாதம்' என்னும் தொடரை அரச ஆவணமொன்றிலேயே இடம்பெறச் செய்தது. ஒரு நிறுவனத்தின் உறுப்பினருட் பலர் நல்லவராயிருக்க, அந்நிறுவனம் இனவாதமாய்ச் செயற்படுதல் கூடும் என்பதே அதன் சாரம்.

இனி எமது நிலைமைக்கு வருவோம். இலங்கைப் பொலிஸ் மக்கள் தம் பாதுகாப்புக்காகத் தாமே உருவாக்கிக்கொண்ட அமைப்பன்று. 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் கீழ், 1866இல் பொறுப்பேற்ற ஜி. டபிள்யு. ஆர். கம்பெலின் தலைமையில் அது ஒழுங்கமைக்கப்பட்டது. குடியேற்ற நாடுகளின் பொலிஸ் படைகளுக்கு அயர்லாந்தின் ஆயுதம் தாங்கிய பொலிஸ் படையே பொதுவில் முன்மாதிரியாயிருந்தது. சொத்தையும் துறைமுகத்தையும் தோட்டத்தையும் காப்பதும், கூலியாட்களைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் அதன் ஆதிப் பணிகள். மக்களைப் பிரதிநிதித்துவப்படுத்துவது அப்பணிகளுள் ஒன்றன்று. சுதந்திரத்தின் பின் சீருடைக்குள் இருந்தவர்கள் மாறினர், மொழியும் மாறியது. 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின் பின் அரச உத்தியோகத்தில் தமிழ்பேசுவோர் தொகை சுருங்கியபோது பொலிஸிலும் அது சுருங்கியது. மேலிருந்து கீழ்நோக்கி அதிகாரம் செலுத்தும் அமைப்பு மட்டும் அப்படியே எஞ்சியது.

திருகோணமலைத் துறைமுகம் இவ்வரலாற்றில் ஒரு தனியிடம் வகிப்பது. பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இல் கையளிக்கப்பட்டபோது அங்கு வேலைசெய்த பெருந்தொகைத் தமிழ்த் தொழிலாளர் தொழிலிழந்தனர். அவர்களுள் 400 குடும்பங்களைப் பதவியாவிற் குடியேற்றும் திட்டம் எழுந்தது. அங்கு ஏலவே வேலையிலிருந்த சிங்களத் தொழிலாளரிடையே அது எதிர்ப்பைத் தோற்றுவித்தது. 1958ஆம் ஆண்டு வன்செயல்களுக்கு முன்னோடியான பதற்றங்களுள் அதுவுமொன்று. தார்சி விட்டாச்சி தமது 'எமர்ஜென்சி 58' நூலில் இதனைக் குறித்துள்ளார். தொழிலிழந்தவர்க்கும் நிலந்தேடியவர்க்கும் இடையே எழுந்த இப்பிணக்கு, இனப் பிணக்கு என்னும் பெயரைப் பெற்றே வரலாற்றில் நின்றது. அதன் பின்னான ஆண்டுகளிற் குடியேற்றத் திட்டங்கள் மாவட்டத்தின் முகத்தை மாற்றின. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதமும் தமிழர் 31 வீதமும் சிங்களவர் 27 வீதமுமாக இம்மாவட்டத்தில் வாழ்கின்றனர். அதாவது பத்துப் பேரில் ஏழு பேர் தமிழ்பேசுவோர்.

இவ்விடத்தில் நாம் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுதல் தகும். குடாக்கரையோரத்து மீனவப் பெண்ணொருவர் தமது வலைகள் இரவில் அறுக்கப்பட்டமை குறித்து முறைப்பாடு செய்யச் சென்றபோது நாமும் துணையாகச் சென்றோம். நிலையத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அங்கிருந்த சிங்கள உத்தியோகத்தர் இளைஞர், மரியாதையானவர். அப்பெண்ணுக்குக் கதிரை கொடுத்தார், தண்ணீர் கொடுத்தார், 'அம்மா' என்றே அழைத்தார். தமக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழிற் கேட்டு, சிங்களத்தில் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதி, கையொப்பம் வாங்கினார். வெளியே வந்தபின் பிரதியைச் சிங்களம் அறிந்த நண்பர் ஒருவர் வாசித்துக் காட்டினார். 'வலைகள் காணாமற்போயின' என்றிருந்தது. அறுக்கப்பட்டன என்பதும் இல்லை. அறுத்தவர் எனச் சந்தேகிக்கப்பட்டோர் பற்றிய குறிப்பும் இல்லை. அப்பெண் கூறியது எமக்கு இன்றும் நினைவிருக்கின்றது: 'அந்தப் பொடியன் நல்லவன்தான் தம்பி. ஆனா என்ர வலையை வெட்டினது எண்டு அவன் எழுதேல்லையே.'

இதில் இனத்துவேஷம் எங்கேயுள்ளது? அவ்விளைஞரிடம் இல்லை. அவரிடமிருந்தது நல்லெண்ணம். ஆனால் விளைவு, துவேஷம் மிக்க ஒருவர் வேண்டுமென்றே எழுதியிருந்தால் எப்படியிருக்குமோ அதிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின் ஏற்பாடு. ஆகவே தமிழிற் சொல்லப்பட்டுச் சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலம், வழக்கு வருமாயின், மீண்டும் தமிழுக்கு மொழிபெயர்க்கப்படும். சொன்னவரின் சொல் இரு ஆறுகளைக் கடந்து தம்மிடமே திரும்பி வருகையில் அதனை அவராலேயே இனங்காண முடிவதில்லை. இலக்கிய மாணவராகிய நாம் மொழிபெயர்ப்பின் இழப்புகளைப் பற்றிக் கருத்தரங்குகளிற் பேசுகின்றோம். இது அதனினும் விலைகூடிய இழப்பு.

விலை எத்துணை கூடும் என்பதற்கு 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் சான்று. சாதாரண சட்டத்தில் பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் சாட்சியமாகாது. இச்சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாதவரிடம் அளித்த ஒப்புதலைச் சாட்சியமாக்கியது. அது வற்புறுத்தலாற் பெறப்பட்டது என்று நிறுவும் பொறுப்பும் எதிரிமீதே சுமத்தப்பட்டது. தமக்கு விளங்காத சிங்களத்தில் எழுதப்பட்ட ஒப்புதலிற் கைவிரல் அடையாளமிட்ட கிழக்கு மாகாணத் தமிழரொருவர் அதன் மீதே நீண்டகாலச் சிறைத்தண்டனை பெற்றமையை ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் ஆராய்ந்து, அவரது உரிமை மீறப்பட்டது என்று கூறியது. சட்டமானது ஓர் உத்தியோகத்தனின் தற்றுணிபை எவ்வளவுக்கு விரிக்கின்றதோ அவ்வளவுக்கு அவன் மனப்பாங்கு செயலாக மாறுவதற்கு இடமுண்டாகின்றது. எமது கருத்தின் மையம் இதுவே. துவேஷம் எங்குமுண்டு, அது நடத்தையாவது, கட்டளையும் சட்டமும் மொழியும் 'தண்டிக்கப்படமாட்டோம்' என்னும் உறுதியும் அதற்கு வழிவிடும் இடத்திலேயாம்.

2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலைக்கு அண்மையில், ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் தாம் வைத்திருந்த குண்டு வெடித்து இறந்தனர் என்று முதலிற் கூறப்பட்டது. பிரேத பரிசோதனை துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டியது. அக்காயங்களைப் படமெடுத்து வெளியுலகிற்கு அறிவித்த 'சுடர் ஒளி' நிருபர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆந் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். ஜனாதிபதி விசாரணைக் குழுவொன்று இதனை ஆராய்ந்தது. 2013இல் விசேட அதிரடிப் படையினர் பன்னிருவரும் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் கைதாயினர். 2019 ஜூலை 3ஆந் திகதி போதிய சாட்சியமின்மையால் திருகோணமலை நீதவான் பதின்மூவரையும் விடுவித்தார். முக்கிய சாட்சிகள் பலர் அச்சத்தால் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தனர்.

இவ்வழக்கில் எவர் நெஞ்சில் எத்தகைய வெறுப்பிருந்தது என்பது எமக்குத் தெரியவேண்டியதில்லை. தெரியவேண்டியவை வேறு. குண்டு வெடித்து இறந்தனர் என்னும் முதற்கூற்றினை எழுதியவர் யார்? பிரேத பரிசோதனை அதனைப் பொய்ப்பித்த பின்னும் அவர் மீது எந்நடவடிக்கையும் எழாதது ஏன்? சாட்சிகளைக் காக்கும் கடமை எவருடையது? இவ்வினாக்கள் மனப்பாங்கு பற்றியவையல்ல, கோப்புகள் பற்றியவை. விடைகளும் கோப்புகளிலேயே கிடைக்கக்கூடியவை.

அதே ஆண்டு ஏப்பிரல் 12ஆந் திகதி நகர மரக்கறிச் சந்தையில் குண்டொன்று வெடித்தது. அதில் மூவினத்து மக்களும் அகப்பட்டனர். சிறிது நேரத்துக்குள்ளேயே பொல்லுகளும் கத்திகளும் ஏந்திய கும்பல்கள் தமிழரின் கடைகளையும் வீடுகளையும் தாக்கத் தொடங்கின. குண்டுவெடிப்பிலும் அதனைத் தொடர்ந்த வன்செயலிலுமாக ஏறத்தாழ 20 பேர் உயிரிழந்தனர். பாதுகாப்புப் படையினரும் பொலிஸாரும் தொடக்கத்திற் போதியளவு தலையிடவில்லை என்பதை மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவு செய்துள்ளது. இந்த வாளாவிருத்தலே எமது ஆய்வுக்கு அடித்தலையைவிட முக்கியமானது. அடிப்பதற்குச் சிறிதாவது சினம் வேண்டும். பார்த்துக்கொண்டு நிற்பதற்கு எவ்வித வெறுப்பும் வேண்டியதில்லை. கட்டளை வராமலிருந்தாற் போதும். அன்று அவ்வீதிகளில் நின்ற பொலிஸாருட் பலர் வீட்டில் நல்ல தந்தையராகவும் அயலில் நல்ல மனிதராகவும் இருந்திருப்பர். அதனால் எரிந்த கடை எரியாமற்போகவில்லை.

ஒரு மறுப்பையும் இங்கே நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும். பொலிஸாரின் மனப்பாங்கு வெற்றிடத்திற் பிறந்ததன்று. 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த பல நூறு பொலிஸார், பெரும்பாலும் சிங்களவரும் முஸ்லிம்களும், விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அந்நினைவு அப்படைக்குள் இன்றும் உயிரோடிருக்கின்றது. அதனைப் பேசாது விடுவது தமிழ் அறிவுலகின் ஒரு குறைபாடு. ஆனால் நினைவு விளக்கமாகுமேயன்றி நியாயமாகாது. மேலும், அந்நினைவுக்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே, 1981ஆம் ஆண்டு மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்கெனக் கொண்டுவரப்பட்ட பொலிஸார் நின்ற நகரிலே, ஏறத்தாழ 97,000 நூல்களுடன் பொது நூலகம் எரிந்தது.

வேறொரு திசையிலிருந்து வரும் சான்றும் உண்டு. 1971இலும் 1987 முதல் 1989 வரையான காலத்திலும் தென்னிலங்கையிற் பல்லாயிரக்கணக்கான சிங்கள இளைஞர் அரச படைகளாற் கொல்லப்பட்டனர். கொன்றோரும் கொல்லப்பட்டோரும் ஒரே மொழியினர், பெரும்பாலும் ஒரே மதத்தினர், ஒரே கிராமத்து விவசாயக் குடும்பங்களிற் பிறந்தோர். 1971இல் கதிர்காமத்துப் பெண் பிரேமவதி மனம்பேரிக்கு நேர்ந்த கொடுமையை இனத்துவேஷங் கொண்டு விளக்கவியலாது. அரச யந்திரம் தன் இருப்புக்கு அச்சுறுத்தல் என்று எதனைக் கருதுகின்றதோ அதன் மீது பாய்வதற்கு அதற்கு இனவெறுப்பு இன்றியமையாததன்று. எனினும் இனவெறுப்பு கிடைக்குமிடத்து அது பெரும் வசதி. பாய்ச்சலின் செலவை அது குறைக்கின்றது. பார்வையாளரின் மனச்சாட்சியை உறங்கவைக்கின்றது. 1971இன் பின் தென்னிலங்கையில் ஒருவகை வெட்கமாவது எஞ்சியது. கிழக்கில் அதுவும் எஞ்சவில்லை.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தொடர்ந்து, 2019 மே மாதத்தில், ஹசலகப் பொலிஸார் முஸ்லிம் பெண்ணொருவரை அவர் அணிந்திருந்த ஆடையிலுள்ள சித்திரத்துக்காகக் கைது செய்தனர். அது தர்மசக்கரம் என்பது அவர்தம் எண்ணம். உண்மையில் அது கப்பலின் சுக்கான் சக்கரம். திருகோணமலையிற் பள்ளிக்கூடம் போகாத சிறுவனுங்கூடக் கண்டவுடன் அடையாளம் சொல்லக்கூடிய பொருள். ஆனால் இங்கு பொலிஸாரின் அறியாமையைப் பரிகசிப்பதால் பயனில்லை. அதே தவற்றைச் சாதாரணக் குடிமகன் செய்திருந்தால் வீதியில் ஒரு வாய்த்தர்க்கத்துடன் முடிந்திருக்கும். கைதுசெய்யும் அதிகாரமும் பிணையைக் கடினமாக்கும் சட்டமும் அவ்வறியாமைக்குக் கைகொடுத்தமையாலேயே ஒரு பெண் சிறை செல்ல நேர்ந்தது.

அண்மைய இரு நிகழ்ச்சிகள் எமது கருத்தை இன்னும் தெளிவாக்குவன. 2023 செப்டெம்பர் 17ஆந் திகதி, திலீபனின் உருவப்படம் தாங்கிய ஊர்தியுடன் வந்த பாராளுமன்ற உறுப்பினர் செல்வராசா கஜேந்திரன் திருகோணமலையை அடுத்த சர்தாபுரவில் கும்பலொன்றாற் தாக்கப்பட்டார். பொலிஸார் அங்கிருந்தனர், தாக்குதல் நடந்தது. காணொளி பரவிக் கண்டனம் எழுந்தபின் சிலர் கைதாயினர். கண்டனத்துக்கு முன்பும் பின்பும் அப்பொலிஸாரின் மனப்பாங்கு மாறியிருக்க நியாயமில்லை.

மற்றது 2025 நவம்பரில் நிகழ்ந்தது. டச்சு வளைகுடாக் கடற்கரையிலுள்ள விகாரை வளவில் அனுமதியின்றிக் கட்டடவேலை நடப்பதாகக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் முறைப்பாடு செய்திருந்தது. 16ஆந் திகதி இரவு அங்கு வைக்கப்பட்ட புத்தர் சிலையைப் பொலிஸார் எதிர்ப்பின் மத்தியில் அகற்றினர். மறுநாட் பாராளுமன்றத்தில், சிலை அதன் பாதுகாப்புக் கருதியே அகற்றப்பட்டது என்றும் மீண்டும் வைக்கப்படும் என்றும் பொறுப்பான அமைச்சர் கூறினார். அன்றே, பொலிஸ் பாதுகாப்புடன், சிலை பழைய இடத்தில் வைக்கப்பட்டது. பெரும்பாலும் பௌத்தரைக் கொண்ட ஒரு படை, ஓரிரவில் புத்தர் சிலையை அகற்றவும் மறுநாள் அதனைத் திரும்ப வைப்பதற்குக் காவல் நிற்கவும் வல்லதாயிற்று. மனப்பாங்கே நடத்தையைத் தீர்மானிக்கும் என்போர் இவ்விரு நாட்களுக்கும் விளக்கம் கூறக் கடமைப்பட்டவர்கள். முதல்நாட் செயல் சட்டத்தின் வழியது. மறுநாட் செயல் கொழும்பு அரசியலின் வழியது. ஒரு வகையில், சட்டம் தெளிவாகவும் கட்டளை நேராகவும் இருக்குமிடத்துத் தம் சொந்த உணர்வுக்கு மாறாகவும் பொலிஸார் கடமையாற்றுவர் என்பதை அந்த முதல் இரவு காட்டிற்று. அதனாலேயே அது மறுநாள் திருத்தப்பட வேண்டியதாயிற்று போலும்.

இவ்வாறு நோக்குமிடத்து, பொலிஸாருக்கு நல்லிணக்கப் பயிற்சிப் பட்டறைகள் நடத்துவதால் விளையும் பயன் அற்பமே. தமிழ் இளைஞரைப் படையிற் சேர்ப்பதும் தேவையானது, ஆயினும் போதியதன்று. அமைப்பு மாறாதிருக்க உட்செல்பவரே மாறுவர் என்பதற்கு உலகெங்கும் சான்றுண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்கு வழங்கிய பொலிஸ் அதிகாரம் இன்றுவரை ஏட்டளவிலேயே உள்ளது. பொலிஸ் நிலையங்களில் இருபத்துநான்கு மணிநேரமும் இருமொழி உத்தியோகத்தர் இருக்கவேண்டும், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் வாக்குமூலம் பதியப்பட வேண்டும் என்று கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2011இல் விதந்துரைத்தது. அது எந்த முற்போக்கு அமைப்பின் கோரிக்கையுமன்று. அரசே நியமித்த ஆணைக்குழுவின் விதப்புரை.

அவ்விதப்புரை எந்நிலையில் உள்ளது என்பதை அறிய 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் வழிசெய்துள்ளது. துறைமுகத்தைச் சூழவுள்ள ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் தமிழில் எழுதவல்ல உத்தியோகத்தர் எத்தனைபேர், இரவுக் கடமையில் அவர்களுள் எத்தனைபேர், கடந்த ஆண்டிற் பதிவான முறைப்பாடுகளுள் தமிழில் எழுதப்பட்டவை எத்தனை என்னும் மூன்று வினாக்களைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். எமது சங்கத்தின் கிழக்கு மாகாண மாணவர் சிலர் இதனைச் செய்ய முன்வந்துள்ளனர். அந்த மீனவப் பெண் தமது முறைப்பாட்டைத் தமிழில் மீளப் பதியுமாறு கேட்டு எழுதிய விண்ணப்பமும் அவர்களுடைய கோப்பில் முதலாவதாக வைக்கப்பட்டிருக்கின்றது.